எழுத்தின் இடத்தில் இந்த மலை

தேயிலைத் தோட்டத்துச் சம்பளத் துண்டில் எழுத்துக் கணக்கு எதுவும் தெரியாது. இத்தனை பேர், இத்தனை கிலோ, பிடித்தது இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு என்று எல்லாமே எண்கள். ஆனாலும் அந்தத் துண்டுக்குப் பின்னால் ஓர் அட்சரகணிதக் கோவை இருக்கிறது. மாதத்துக்கு மாதம் எண்கள் மாறும், கோவை மாறாது. பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு பிள்ளை 'கோவைகளில் பிரதியிடல்' என்ற பாடத்தைத் திறக்கும்போது அதற்கு அது புதிய பாடமாகத் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளையின் வீட்டு அடுப்பு எரிவதே ஒரு பிரதியிடலின் விடையை நம்பித்தான்.

அந்தக் கோவையை எழுதிப் பார்ப்போம். வேலை செய்த நாட்களை, அதாவது தோட்டத்தில் 'பேர்' என்று சொல்வதை, ந என்று வைப்போம். நாளுக்குரிய அளவுக்கு மேல் பறித்த கொழுந்து க கிலோ. நாட்சம்பளம் ச ரூபாய். மேலதிகக் கிலோ ஒன்றுக்குத் தருவது வ ரூபாய். மாதச் சம்பளம்:

ச × ந + வ × க

2021ஆம் ஆண்டில் ச என்ற எழுத்தின் பெறுமானம் 1000 ஆனது: அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப் படி 100. 2024 செப்டெம்பரில் அது 1350 என்று வர்த்தமானியில் வந்தது. இந்த எண்களுக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். அத்தனை போராட்டமும் ஒரே எழுத்தின் பெறுமானத்தைப் பற்றியது. நாளை அந்த எண் மறுபடி மாறினாலும் மேலே உள்ள வரியில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை. எழுத்தைக் கொண்டு எழுதுவதன் பயன் அதுதான். மாறுவதையும் மாறாததையும் அது பிரித்துக் காட்டுகிறது.

2024இல் வந்த ச = 1350 என்ற பெறுமானத்தை எடுப்போம். வ = 50 என்றும், ஒருவர் அந்த மாதம் 22 பேர் செய்து 90 கிலோ மேலதிகமாகப் பறித்தார் என்றும் கொள்வோம்.

1350 × 22 + 50 × 90 = 29,700 + 4,500 = 34,200

பிரதியிடலில் முதலாவது சறுக்கல் இங்கேயே காத்திருக்கிறது. 50 × க என்பதைப் புத்தகத்தில் 50க என்று ஒட்டி எழுதுவார்கள். க = 90 என்றதும் அந்த எழுத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் எண்ணை எழுதினால் 5090 என்று வந்துவிடும். எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் நடுவில் பெருக்கல் ஒளிந்திருக்கிறது. எண்ணும் எண்ணும் ஒட்டி நின்றால் அது வேறோர் எண். ஆகவே எழுத்தை எடுக்கும்போது அங்கே ஓர் அடைப்பைத் திறந்து அதற்குள் எண்ணை வைக்க வேண்டும்: 50(90). இந்த ஒரு பழக்கம் பின்னால் வரும் பல பிழைகளைத் தடுக்கும்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கப்படுவது 8 சதவீதம். நாட்சம்பளத்தில் மட்டும் அதைக் கணக்கிட்டால் ஒரு பேருக்கு 108 ரூபாய். அப்போது கைக்கு வருவது 1350ந + 50க − 108ந. ந உள்ள உறுப்புகளைச் சேர்த்தால் 1242ந + 50க. சுருக்கியது சரியா? இரண்டு கோவையிலும் அதே பெறுமானங்களைப் போட்டுப் பார்க்கலாம். முதலாவதில் 29,700 + 4,500 − 2,376 = 31,824. இரண்டாவதில் 27,324 + 4,500 = 31,824. இரண்டும் ஒன்று.

பிரதியிடல் நல்ல சோதனைதான். ஆனால் எந்த எண்ணைக் கொண்டு சோதிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2ந என்பதும் ந² என்பதும் ஒன்று என்று ஒருவர் நினைத்திருந்தால், ந = 2 என்று போட்டுப் பார்க்கும்போது இரண்டிலும் 4 வரும்; தவறான எண்ணம் உறுதிப்பட்டுவிடும். 0, 1, 2 ஆகியவை இப்படிப் பல பிழைகளுக்குத் துணைபோகும் எண்கள். 7 அல்லது 22 போன்ற எண்ணைப் போட்டால் பிழை உடனே வெளியே வரும்.

எழுத்துக்கு முன்னும் பின்னும்

எழுத்து இல்லாமலும் சூத்திரம் சொல்ல முடியும். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' நூலில் அப்படிப்பட்ட சூத்திரங்கள் பல உண்டு, செய்யுள் வடிவில். பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய அந்நூல் ஒரு வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்களை ம என்று வைத்தால் அது 6ம ÷ 5 என்ற கோவை. ம = 100 என்றால் 120 சுளை. ம = 97 என்றால் 116.4. எந்தப் பலாவிலும் 116.4 சுளை இருக்காது. ஆகவே இது அண்ணளவான கணிப்பு என்பதைப் பிரதியிடலே நமக்குச் சொல்லிவிடுகிறது. பதுளையின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் பலாவுக்குப் பஞ்சமில்லை. அடுத்த பழத்தை வெட்டுமுன் முட்களையும், வெட்டிய பின் சுளைகளையும் எண்ணி இந்த விதியைச் சோதிக்கலாம். சூத்திரம் எவ்வளவு பழையதானாலும் பழத்தின் முன்னால் அது தன்னை நிரூபிக்க வேண்டும்.

எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் பழையதே. பாஸ்கரர் 1150 அளவில் எழுதிய 'பீஜகணிதம்' தெரியாக்கணியங்கள் பலவற்றை நிறங்களின் முதலெழுத்துகளால் குறித்தது: காளகம் என்ற கருப்புக்குக் கா, நீலகத்துக்கு நீ, பீதகம் என்ற மஞ்சளுக்குப் பீ. பிரான்சில் பிரான்சுவா வியெத் 1591இல் இன்னொரு படி போனார். தெரியாததை மட்டுமன்றி, தெரிந்திருந்தும் இடத்துக்கு இடம் மாறக்கூடியதையும் அவர் எழுத்தால் எழுதினார். தெரியாததற்கு உயிரெழுத்து, தெரிந்ததற்கு மெய்யெழுத்து. அந்த நாளிலிருந்து ஒரே வரி எல்லா ஊருக்கும் பொதுவான விதியாக நிற்க முடிந்தது. ஒவ்வோர் ஊரும் தன் பெறுமானத்தைக் கொண்டுவந்து அதற்குள் போட்டுக்கொள்ள முடிந்தது. இந்த அத்தியாயத்தில் நான் தமிழ் எழுத்துகளையே எடுத்திருக்கிறேன். பாடநூலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். கணிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

மழையை அளக்கும் கோவை

கொஸ்லந்தவில் மழையை அளப்பது பொழுதுபோக்கு அல்ல. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் அளவையைப் பார்ப்போம். 1 மில்லிமீற்றர் மழை என்றால், ஒரு சதுர மீற்றர் தளத்தில் விழுந்த நீர் ஓடாமல், மண்ணுக்குள் போகாமல் நின்றிருந்தால் 1 மில்லிமீற்றர் உயரம் நின்றிருக்கும் என்று பொருள். அது சரியாக ஒரு லீற்றர்.

பக்கங்கள் நேராக நிற்கும் போத்தலை வெளியே வைத்தால் அதில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. வாயில் அகலமான புனலைப் பொருத்தினால் கதை மாறுகிறது. அகன்ற வாயில் விழுந்த மழை முழுவதும் ஒடுங்கிய குழாய்க்குள் போய் உயர்ந்து நிற்கிறது. குழாயில் நீரின் உயரம் உ, குழாயின் விட்டம் கு, வாயின் விட்டம் வா என்றால்,

மழை = உ × கு² ÷ வா²

விட்டங்களுக்கு வர்க்கம் வருவதற்குக் காரணம் நீர் பரவுவது பரப்பளவில் என்பதுதான். வா = 10 சென்ரிமீற்றர், கு = 5 சென்ரிமீற்றர், காலையில் குழாயில் 320 மில்லிமீற்றர் நீர் என்று கொள்வோம். 320 × 25 ÷ 100 = 80. அதாவது 80 மில்லிமீற்றர் மழை. வர்க்கத்தை மறந்து 320 × 5 ÷ 10 என்று போட்டால் 160 வரும்.

இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இலங்கையில் மண்சரிவு அபாயத்தைக் கண்காணிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அது பயன்படுத்தும் மழை எல்லைகளில், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால், வெளியேற வேண்டும். 80 என்ற விடை 'விழித்திரு' என்கிறது. 160 என்ற விடை 'வெளியேறு' என்கிறது. வர்க்கத்தை மறந்தவரின் பேச்சைக் கேட்டு தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் ஒன்று முழுவதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரவு மழையில் வெளியேறி, மறுநாள் ஒன்றும் நடக்காமல் திரும்பினால், அடுத்த தடவை சரியான எச்சரிக்கை வரும்போது அதை நம்ப ஆள் இருக்காது.

அந்த நீருக்கு எடை உண்டு. ஒரு ஹெக்டேயர் என்பது 10,000 சதுர மீற்றர். அதில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர், அதாவது 10 தொன். ஆகவே ப ஹெக்டேயரில் ம மில்லிமீற்றர் மழை பெய்தால் வந்து விழுந்த நீர் 10 × ம × ப தொன். நான்கு ஹெக்டேயர் மலையில் 150 மில்லிமீற்றர் என்றால் 10 × 150 × 4 = 6,000 தொன். தோட்டத்தில் இன்னும் பலர் நிலத்தை ஏக்கரில்தான் சொல்வார்கள். ஏக்கரை அப்படியே ப-வின் இடத்தில் போட்டால் விடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும், ஏனென்றால் ஓர் ஏக்கர் 0.4 ஹெக்டேயரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கோவைக்குள் இருக்கும் 10 என்ற எண், ஹெக்டேயரையும் மில்லிமீற்றரையும் எதிர்பார்த்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. வேறு அலகோடு வரும் பெறுமானத்தை முதலில் மாற்றிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும்.

தியலுமவும் ஒரு மழைத்துளியும்

கொஸ்லந்தவிலிருந்து வெல்லவாய போகும் வழியில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. மேலிருந்து ஒரு கல் தடையின்றி விழுந்தால் தரையை அடைய எத்தனை செக்கன் ஆகும்? உயரம் உ மீற்றர் என்றால் நேரம் √(2உ ÷ 9.8). உ = 220 என்று போட்டால் √44.9, ஏறக்குறைய 6.7 செக்கன். தரையைத் தொடும்போது அதன் கதி √(2 × 9.8 × உ). அது செக்கனுக்குச் சுமார் 66 மீற்றர், மணிக்கு 236 கிலோமீற்றருக்கும் மேல்.

அதே கோவையில் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்போம். 2,000 மீற்றர் உயரத்து மேகத்திலிருந்து ஒரு மழைத்துளி விழுகிறது. √(2 × 9.8 × 2000) = √39,200 = 198. செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டிய கதி. அது உண்மையானால் ஒவ்வொரு மழையிலும் கொழுந்தெல்லாம் சல்லடையாகிவிடும். மழையில் நனைந்துகொண்டே பறிக்கும் பெண்களுக்குத் தெரியும், துளி அப்படி விழுவதில்லை. பெரிய துளியும் செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் கதியில்தான் தரைக்கு வருகிறது. பெருக்கலில் பிழை இல்லை. வர்க்கமூலத்திலும் பிழை இல்லை. அந்தக் கோவை வளித்தடையைக் கணக்கில் எடுக்காதது. கனமான கல் இந்த உயரத்திலிருந்து விழும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. சிறு துளிக்கோ வளித்தடைதான் எல்லாம். எந்த நிபந்தனையில் ஒரு கோவை பிறந்ததோ அந்த நிபந்தனைக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரதியிட்டால், கணக்குச் சரியாக இருந்தும் விடை பொய்யாகும்.

சம்பளக் கோவைக்கும் இதே எல்லை உண்டு. ஒரு நாளில் பறித்தது ப கிலோ, நாளுக்குரிய அளவு இ கிலோ என்றால் அன்றைய வருமானம் 1350 + 50(ப − இ). இ = 18, ப = 21 என்றால் 1350 + 50(3) = 1500. ப = 16 என்றால் கோவை 1350 + 50(−2) = 1250 என்று சொல்லும். ஆனால் அளவுக்குக் குறைந்த நாளில் தோட்டத்தில் அரைப்பேர் போட்டால் கிடைப்பது 675. இந்தக் கோவை ப-வின் பெறுமானம் இ-க்குச் சமமாகவோ கூடியதாகவோ இருக்கும் நாளுக்கு மட்டும் உரியது. குறைந்த நாளுக்கு வேறு விதி, அதற்கு வேறு கோவை. இரண்டு கிலோ குறைந்ததற்கு 675 ரூபாய் போவது நியாயமா என்ற கேள்வி, இரண்டு கோவைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால்தான் தெளிவாக எழுகிறது.

மலையை நிறுத்தி வைத்திருப்பது எது

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள்; அவர்களில் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த மலை ஏன் அன்று வரை நின்றது, ஏன் அன்று நிற்கவில்லை என்பது உணர்ச்சியோடு மட்டும் கேட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. அதற்கு இயற்பியல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலின் இறுதி வடிவம், ஏழாம் தரப் பிள்ளை செய்யக்கூடிய ஒரு பிரதியிடல்.

பாறைமேல் கிடக்கும் மண்படையை இரண்டு காரணங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று மண் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிணைவு. மற்றது உராய்வு. இந்த இரண்டின் கூட்டுத்தொகையே மண்ணின் தாங்குதிறன் என்று 1776இல் எழுதியவர் சார்ள்ஸ் கூலோம், கோட்டைகள் கட்டிய பிரெஞ்சுப் பொறியியலாளர். உராய்வு, மண்ணின் எடை பாறையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. மண்ணுக்குள் நீர் ஏறும்போது அந்த நீரின் அமுக்கம் மண்ணைத் தாங்கத் தொடங்குகிறது, அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. நீரின் அமுக்கத்தைக் கழித்த பின் எஞ்சுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1920களில் நிறுவியவர் கார்ல் தெர்சாகி. கீழே இழுப்பது எடையின் சரிவு வழியான கூறு. பிடித்து வைப்பதை இழுப்பதால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. அது 1க்கு மேல் இருந்தால் மலை நிற்கும். 1க்குக் கீழே போனால் நிற்காது.

இங்கே எழுத்துகளுக்குப் புதிய பொருள்: ப பிணைவு, அ ஒரு கன மீற்றர் மண்ணின் எடை, ஆ மண்படையின் ஆழம், நீ பாறைக்கு மேல் ஏறி நிற்கும் நீரின் உயரம், உ உராய்வுக் குணகம், சை, கோ ஆகியவை சரிவுக் கோணத்தின் சைன், கோசைன். ஒரு கன மீற்றர் நீரின் எடையை 10 கிலோநியூட்டன் என எடுத்தால்,

பாதுகாப்புக் காரணி = [ப + (அ × ஆ × கோ² − 10 × நீ × கோ²) × உ] ÷ (அ × ஆ × சை × கோ)

இத்தனை எழுத்துகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றாக அடைப்புக்குள் எண்ணை வைப்போம். இவை பாடத்துக்காக எடுத்த பெறுமானங்கள். மீரியபெத்தையில் அளந்தவை அல்ல. சரிவு 30 பாகை: கோ² = 0.75, சை × கோ = 0.433. மண்ணின் எடை 18 கிலோநியூட்டன், ஆழம் 3 மீற்றர்: அ × ஆ = 54. பிணைவு சதுர மீற்றருக்கு 6 கிலோநியூட்டன். உ = 0.6. நனைந்த மண்ணின் எடை கூடுவதை இங்கே எளிமைக்காக விட்டுவிடுவோம்.

மேலே: 6 + (54 × 0.75 − 7.5நீ) × 0.6 = 6 + (40.5 − 7.5நீ) × 0.6 = 6 + 24.3 − 4.5நீ = 30.3 − 4.5நீ

கீழே: 54 × 0.433 = 23.4

பாதுகாப்புக் காரணி = (30.3 − 4.5நீ) ÷ 23.4

ஏழு எழுத்துகளில் ஆறுக்குப் பெறுமானம் கொடுத்ததும் ஒரே ஒரு எழுத்து எஞ்சியது. கூலோமும் தெர்சாகியும் எழுதிய விதி, ஒரு குறிப்பிட்ட சரிவைப் பற்றிய எளிய கோவையாகிவிட்டது. இனி நீ என்பதற்கு மழை தரும் பெறுமானத்தைப் போட வேண்டியதுதான்.

நீ = 0 என்றால் 30.3 ÷ 23.4 = 1.29
நீ = 1 என்றால் 25.8 ÷ 23.4 = 1.10
நீ = 2 என்றால் 21.3 ÷ 23.4 = 0.91
நீ = 3 என்றால் 16.8 ÷ 23.4 = 0.72

வறண்ட காலத்தில் இந்தச் சரிவு உறுதியாக நிற்கிறது. ஒரு மீற்றர் நீர் ஏறினாலும் நிற்கிறது. இரண்டாவது மீற்றர் முடிவதற்குள் எல்லை கடந்துவிடுகிறது. எந்த இடத்தில் என்று அறிய 30.3 − 4.5நீ = 23.4 என்ற சமன்பாட்டைத் தீர்த்தால் நீ = 1.53 மீற்றர். ஐம்பது வருடமாக அசையாத மலை அடுத்த மழையில் அசையாது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இந்த வரியில் இருக்கிறது. அந்த ஐம்பது வருடத்தில் நீ ஒருபோதும் 1.53ஐத் தொடாமல் இருந்திருக்கலாம். மலை வலுவானது என்று நாம் நினைத்தது, எழுத்தின் பெறுமானம் சிறியதாக இருந்ததால் வந்த நம்பிக்கை.

ஓர் அடைப்பு தவறினால்

மேலே உள்ள கோவையில் அடைப்பை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 6 + 40.5 − 7.5நீ × 0.6 என்று எழுதியவர் பெருக்கலை முதலில் செய்வார், 0.6 நீரை மட்டும் பெருக்கும், மண்ணின் அழுத்தத்தைப் பெருக்காது. கோவை 46.5 − 4.5நீ ஆகிவிடும். மண்படை முழுவதும் நீர் நிரம்பிய நாளில், நீ = 3 என்று போட்டால், 33 ÷ 23.4 = 1.41. உண்மையான விடை 0.72. அடைப்பைத் தவறவிட்டவரின் தாளில், சரிந்துகொண்டிருக்கும் மலை வறண்ட நாளைவிடவும் உறுதியாக நிற்கிறது. அடைப்புக்குப் பரீட்சையில் ஒரு புள்ளிதான் குறையும். அது சொல்லும் சேதி வேறு: உராய்வு செயற்படுவது நீரைக் கழித்து எஞ்சிய அழுத்தத்தின் மீது. இயற்கையில் கழித்தல் முதலில் நடக்கிறது. தாளிலும் அது முதலில் நடக்க வேண்டும்.

மறை எண்ணும் இப்படித்தான். நீர்மட்டம் தரைக்கு 1.5 மீற்றர் கீழே இருப்பதைச் சிலர் 1.5 என்று ஆழமாகக் குறிப்பார்கள். சிலர் −1.5 என்று இடமாகக் குறிப்பார்கள். ஆழமாக இருந்தால் நீ = 3 − 1.5 = 1.5. அந்தச் சூத்திரத்திலேயே −1.5ஐப் போட்டால் 3 − (−1.5) = 4.5. மூன்று மீற்றர் மண்ணுக்குள் நாலரை மீற்றர் நீர் நிற்க முடியாது. அடைப்புக்குள் குறியையும் சேர்த்து வைத்தவருக்கு அந்த முரண் கண்ணில் படும். குறிப்பேட்டை எழுதியவரிடம் போய் எந்த முறையில் எழுதினார் என்று கேட்பார்.

பெறுமானம் யாருடைய பொறுப்பு

பாடநூலில் பெறுமானம் கேள்வியிலேயே இருக்கும். 'நீ = 2 எனின்' என்று அச்சடித்துத் தந்துவிடுவார்கள். மலையில் அப்படி யாரும் தருவதில்லை. மண்ணின் ஆழத்தைத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். பிணைவை ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். சரிவை அளக்க வேண்டும். மழையை ஒவ்வொரு நாளும் யாராவது எழுதிவைக்க வேண்டும். இவற்றில் முதல் மூன்றும் நிபுணர்களின் வேலை. நான்காவது, ஒரு போத்தலும் அளவுகோலும் உள்ள எவரும் செய்யக்கூடியது. அந்த 75, 100, 150 என்ற எல்லைகள் அதற்காகவே எளிமையாக வைக்கப்பட்டுள்ளன. நீ எவ்வளவு என்று ஒவ்வொரு சரிவிலும் மண்ணைத் தோண்டிப் பார்க்க முடியாது. ஆனால் நீயை உயர்த்துவது மழை, மழையை முற்றத்திலேயே அளக்கலாம். இந்த எல்லைகள் மலைநாடு முழுவதற்கும் பொதுவானவை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட சரிவு அதற்கு முன்பே பலமிழக்கலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது.

மீரியபெத்தையைப் பொறுத்தவரை அறிவு இல்லாமல் இல்லை. அந்த இடத்தைவிட்டு மக்களை நகர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விடை கிடைத்திருந்தது, அந்த விடையின்படி செய்ய வேண்டியது செய்யப்படவில்லை. குடும்பங்கள் போகச் சொந்த நிலமோ வேறு வீடோ இல்லாமல் லயத்தோடு கட்டுண்டிருந்தன. வெளியேறு என்ற சொல்லுக்கு எங்கே என்ற பதிலும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் மறுபடியும் உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே இந்தப் பாடம் மீரியபெத்தையோடு முடிந்த பழைய கதை அல்ல.

பெருந்தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலப் பிரச்சினை. அதனால் பிரதியிடல் பல பிள்ளைகளுக்கு எழுத்தை அழித்து எண்ணை எழுதும் சடங்காகவே முடிந்துபோகிறது. அதே பாடத்தைத் துண்டிலிருந்தும் மழைப் போத்தலிலிருந்தும் தொடங்கினால், எழுத்து எதற்கு என்று பிள்ளை கேட்க வேண்டியிராது. தன் தாயின் துண்டில் உள்ள தொகையைக் கோவையில் போட்டுச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை, தவறு இருந்தால் கணக்கப்பிள்ளையிடம் எந்த உறுப்பில் தவறு என்று சுட்டிக்காட்டும். மழையை எழுதத் தெரிந்த பிள்ளை, பயத்தையும் அபாயத்தையும் பிரித்துச் சொல்லும்.

அதற்காக இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு பயிற்சி. பக்கங்கள் நேரான ஒரு போத்தலை, மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடத்தில் நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். புனல் வைத்தால் கு, வா இரண்டையும் அளந்து, வர்க்கத்தோடு பிரதியிடுங்கள். பெருமழை நாளில் அடுத்த காலை வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை பாருங்கள். விடையை 75, 100, 150 ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். கணக்குக் கொப்பியில் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு முடிப்பது வழக்கம். இந்தக் கணக்கில் கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத வேண்டும்: எல்லை தாண்டியதை யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்குச் சொன்னோம். கிராம உத்தியோகத்தருக்கும் அயல் லயத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள்.